குனிந்த தலையை வாசிப்பவர்

ஸ்காட்லாந்தின் மேடை நகைச்சுவைக் கலைஞர் ஃபெர்ன் பிரேடியின் தன்வரலாறு ‘ஸ்ட்ராங் ஃபீமேல் கேரக்டர்’ 2023இல் வெளிவந்தது. தனக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்று இளம் வயதிலேயே அவர் மருத்துவரிடம் சொல்லியிருக்கிறார். உனக்குக் காதலர்கள் இருந்திருக்கிறார்கள், கண்ணைப் பார்த்துப் பேசுகிறாய், எனவே இருக்க முடியாது என்று பதில் வந்திருக்கிறது. 2021இல், முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அது ஆட்டிசம்தான் என்று உறுதியானது. எதிரே உட்கார்ந்திருப்பவள் தன்னைப் பற்றிச் சொன்னதை ஒதுக்கிவிட்டு, ஆண்களோடு அவளுக்கிருந்த பழக்கத்தைச் சான்றாக எடுத்துக்கொண்ட அந்த மருத்துவரின் வாசிப்பு என்னை விட்டு அகலவில்லை.

அந்த வாசிப்புக்கு ஒரு மரபு உண்டு. லியோ கேனர் 1943இல் எழுதிய கட்டுரையில் பதினொரு குழந்தைகள்; எட்டுப் பேர் ஆண்கள். ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் விவரித்த நால்வரும் சிறுவர்கள். இவர்களுக்கு முன்பே குருன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் 1926இல் சிறுவர்களைப் பற்றியும் அடுத்த ஆண்டு சிறுமிகளைப் பற்றியும் எழுதிவிட்டார். பல பத்தாண்டுகள் அவரை எவரும் பேசவில்லை. பின்னாளில் சைமன் பேரன்-கோஹன், ஆட்டிசம் என்பது ஆண் மூளையின் உச்சநிலை என்றே ஒரு கோட்பாடு வகுத்தார். பெரியவர்களுக்கான ஐம்பது கேள்விகளைக் கொண்ட படிவத்தை 2001இல் உருவாக்கியதும் அவருடைய குழுதான். அதன் பத்துக் கேள்விச் சுருக்கம் இன்று இங்கிலாந்தில் முதல் வாசற்படி. ஆறு மதிப்பெண் வந்தால் முழு மதிப்பீட்டுக்கு அனுப்பலாம். கார் வகை, ரயில் வகை பற்றியெல்லாம் தகவல் சேகரிக்கப் பிடிக்குமா என்று கேட்கும் படிவம் அது. அத்தை மகளின் சிரிப்பைக் கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டவளுக்கு அதில் எந்தக் கட்டம்? ‘மறைத்தல்’ என்ற இந்த உழைப்பை அளக்கும் இருபத்தைந்து வாக்கியக் கேள்வித்தாள் வர 2018 ஆயிற்று.

வளர்ந்த பெண்ணொருத்தி தனியார் மதிப்பீட்டைத் தேடிப் போவதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 2009இலேயே ஆட்டிசச் சட்டம் வந்துவிட்டது. மருத்துவர் எழுதி அனுப்பிய மூன்று மாதத்துக்குள் மதிப்பீடு தொடங்க வேண்டும் என்பது நைஸ் அமைப்பின் நெறி. நடப்பில் பல ஊர்களில் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. தேசிய சுகாதாரச் சேவையோடு ஒப்பந்தமுள்ள தனியார் நிறுவனத்தை நோயாளியே தேர்ந்தெடுக்கும் உரிமை அங்கே உண்டு. செலவை அரசு ஏற்கும். ஆனால் எந்த நிறுவனம் என்று தேடி, குடும்ப மருத்துவரிடம் வாதாடிப் பெற வேண்டும். தொலைபேசியில் பேசுவதே பெரும்பாடாக இருப்பவர்களிடம் இதை எதிர்பார்க்கிறார்கள்! இல்லையென்றால் சொந்தக் காசு; ஆயிரம் பவுண்டுக்கு மேல் ஆகும், சில இடங்களில் இரண்டாயிரமும் தாண்டும்.

‘காசு கொடுத்து வாங்கிய ஆட்டிசம்’ என்ற ஏளனம் இங்கேதான் முளைக்கிறது. தனியார் மருத்துவமனையில் முழங்கால் அறுவை செய்துகொண்ட ஆணைப் பார்த்துக் காசு கொடுத்து வாங்கிய மூட்டுவலி என்று எவரும் சொல்வதில்லை. கட்டணம் மதிப்பீட்டுக்கு, முடிவுக்கு அன்று. ‘இல்லை’ என்று முடிந்தாலும் பணம் திரும்பாது. அவள் விலை கொடுப்பது வாசகர் ஒருவருக்கு. நாற்பது வருடம் தவறாக வாசிக்கப்பட்டவள், பெண்களை வாசிக்கப் பழகிய கண்ணைத் தேடுகிறாள்.

அந்தத் தேடலை நான் மறுக்கமாட்டேன். விடுதலை என்று கொண்டாடவும் மாட்டேன். பணமுள்ளவர்களே வாசிக்கப்படும்போது ‘ஆட்டிசமுள்ள பெண்’ என்ற சித்திரமும் அவர்களைக் கொண்டே வரையப்படும். முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்ப்பவளின் சோர்வு அதில் வராது. இன்னொன்று, அறிக்கை கேட்கும் மொழி குறைகளின் மொழி. தோழிகள் இல்லை, சத்தம் தாங்காது, வேலையில் நிலைக்கவில்லை என்று தன் வாழ்க்கையைத் தானே பட்டியலிட வேண்டும். விடைத்தாள் திருத்திப் பிழைக்கும் எனக்கு ‘மதிப்பீடு’ என்ற சொல்லே உறுத்துகிறது. ‘மதியிறுக்கம்’ என்ற தமிழாக்கம் அதைவிட. மதி எங்கே இறுகுகிறது?

இலண்டனில் இருக்கும் ஈழத்துப் பெண்ணுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மதிப்பீட்டின் ஒரு பகுதி குழந்தைப் பருவ வரலாறு. முடிந்தால் தாயிடமே கேட்பார்கள். மகள் சிறுவயதில் கண்ணைப் பார்த்துப் பேசுவாளா? ‘குனிஞ்ச தலை நிமிராத பிள்ளை’ என்பாள் தாய், பெருமையோடு. மற்றப் பிள்ளைகளோடு விளையாடினாளா? ‘அவ ஒரு வம்புக்கும் போகமாட்டா, புத்தகமும் தானும்.’ அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று நான்கு குணங்களை வகுத்து வைத்த மரபில் வளர்ந்தவள் அவள். படிவம் அறிகுறி என்று தேடுவது அவளுக்கு நற்சான்றிதழ். பிரேடி கண்ணைப் பார்த்ததால் நிராகரிக்கப்பட்டார். இவள் பாராமல் இருந்ததோ வளர்ப்பின் கணக்கில் போய்விடும். ‘உங்கள் பண்பாட்டில் அப்படித்தானே’ என்று மதிப்பீட்டாளர் மரியாதையாகக் கடந்துபோனால், அதுவும் வாசிக்க மறுப்பதுதான். அடக்கத்துக்காகத் தலை குனிபவள் திருமண வீட்டில் தோழிகளோடு இருக்கும்போது நிமிர்ந்து சிரிப்பாள். அங்கேயும் குனிந்திருந்தாளா என்று கேட்கத் தெரிய வேண்டும்.

ஆகவே பணம் கட்டுமுன் அவள் கேட்க வேண்டிய கேள்விகள் கட்டணத்தோடு முடிவதில்லை. ஒரே ஆளா, குழுவா? தவளைகள் பறக்கும் படப்புத்தகத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொல்லும் அந்தச் சோதனையை இரண்டாம் மொழியில் கதை சொல்பவளுக்கு எப்படித் திருத்துவார்கள்? அறிக்கையைக் குடும்ப மருத்துவரும் உள்ளாட்சி மன்றமும் ஏற்பார்களா, ஏனெனில் தனியார் அறிக்கையை மறுக்கும் இடங்களும் இருக்கின்றன. தாயிடம் பேசும்போது மொழிபெயர்க்க வெளியாள் ஒருவர் வருவாரா, அல்லது அம்மா சொல்வதை மகளே உட்கார்ந்து ஆங்கிலமாக்க வேண்டுமா?