கையிருப்பு எங்கே போயிற்று?

2020க்குப் பின் விநியோகச் சங்கிலியின் 'மீளெழும் ஆற்றல்' பற்றி எழுதிக் குவிக்கப்பட்டவற்றிற் பெரும்பாலானவை, பொருள் ஏன் வந்து சேரவில்லை என்றே கேட்கின்றன. அதைச் செய்தவருக்கு என்ன நேர்ந்தது என்பது அடிக்குறிப்பாக ஒதுங்கிவிடுகிறது. நம்மவர்களும் இச்சொல்லைக் கேள்வியின்றிக் கையாளத் தொடங்கிவிட்டதால், இதனைச் சற்று நின்று பார்ப்பது அவசியமெனக் கருதுகிறேன்.

ரொயோட்டாவின் உற்பத்தி முறையை வகுத்த தைச்சி ஓனோ, 1978இல் வெளியான தமது நூலில் மிகைக் கையிருப்பை விரயங்களுள் ஒன்றாகக் கணித்தார். அமெரிக்க சுப்பர்மார்க்கெட்டில் வாங்குபவர் எடுத்த அளவுக்கே தட்டு மீண்டும் நிரப்பப்படுவது அவருக்கு முன்மாதிரியாயிற்று. உலகெங்கும் நிர்வாகிகள் இதைப் பின்பற்றினர். களஞ்சியங்கள் சுருங்கின, அவற்றில் முடங்கிக் கிடந்த பணம் விடுபட்டது. ஆனால் சந்தையின் ஏற்ற இறக்கம் நின்றுவிடவில்லை. களஞ்சியம் தாங்கியதை இனி வேறெதுவோ தாங்கியாக வேண்டும்.

அது எதுவென்று நான் வேலைசெய்யும் ஜேர்மன் தொழிற்சாலையில் எவரும் சொல்வார்கள். எங்களில் பலர் ஏஜென்சி மூலம் வருபவர்கள். 2020 ஏப்ரலில் ஓடர்கள் நின்றபோது, அவர்களுக்கு நாளை முதல் வரவேண்டாம் என்று சொல்லப்பட்டது. இலையுதிர் காலத்தில் ஓடர்கள் திரும்பியதும் சனிக்கிழமையும் வரச்சொன்னார்கள். முன்பு உதிரிப்பாகங்கள் தட்டுகளிற் காத்துக்கிடந்தன. இப்போது ஆட்கள் தொலைபேசி அழைப்புக்காகக் காத்துக்கிடக்கிறார்கள். விரிவுரையாளனாக இருந்த காலத்தில் 'நெகிழ்ச்சியான உழைப்புச் சந்தை' என்று கரும்பலகையில் எழுதியது இதைத்தான்.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. 2011 பூகம்பத்தின் பின் ரொயோட்டாவே பாடம் கற்று, இரண்டு முதல் ஆறு மாதத் தேவைக்கான சிப்களை வைத்திருக்குமாறு தனது வழங்குநர்களைக் கேட்டது. 2021 தொடக்கத்தில் ஏனைய கம்பனிகள் தடுமாறியபோது அது தாக்குப்பிடித்தது. உண்மைதான். ஆனால் அதே ஆண்டு ஓகஸ்டில், செப்டெம்பர் மாத உலக உற்பத்தியை ஏறக்குறைய 40 வீதத்தாற் குறைப்பதாக அதுவும் அறிவிக்க நேர்ந்தது. தென்கிழக்காசியாவில் தொற்றுப் பரவி, உதிரிப்பாகம் செய்யும் இடங்கள் முடங்கியது இதற்கு ஒரு முக்கிய காரணம். சிப்பைச் சேமிக்கலாம், அதைச் செய்பவரின் சுகத்தை எந்தக் களஞ்சியத்திற் சேமிப்பது?

மலேசியாவின் டொப் குளோவ் உதாரணம் இன்னும் துலக்கமானது. உலகின் மிகப்பெரிய மருத்துவக் கையுறை உற்பத்தியாளரான அந்நிறுவனம் 2020இல் முன்னெப்போதுமில்லாத இலாபம் ஈட்டியது. அதே ஆண்டு நவம்பரில் கிள்ளானில் அதன் தொழிலாளர் விடுதிகளில் நோய் பரவி, 28 தொழிற்சாலைகளைக் கட்டங்கட்டமாக மூட அரசு உத்தரவிட்டது. தொற்றியோர் தொகை 5,000ஐத் தாண்டியது. பெரும்பாலோர் நேபாளம், வங்கதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்து நெருக்கமான அறைகளில் வாழ்ந்தவர்கள். உலகத்தின் கைகளுக்குக் கவசம் செய்தவர்களுக்குத் தனித்துப் படுக்க ஓரிடம் இருக்கவில்லை. கையுறைத் தட்டுப்பாட்டை அங்கிருந்துதான் விளக்கத் தொடங்கவேண்டும்.

2021 ஜூனில் வெள்ளை மாளிகை வெளியிட்ட விநியோகச் சங்கிலி அறிக்கை சிப், பற்றரி, முக்கிய கனிமங்கள், மருந்து என்ற நான்கையும் ஆராய்ந்தது. தரமான வேலை, தொழிற்சங்க உரிமை பற்றியும் அது பேசுகிறது என்பதை மறைக்கக்கூடாது. ஆயினும் பொருளின்படியே அத்தியாயம் பிரிக்கப்படும்போது, உழைப்பு எல்லா அத்தியாயங்களிலும் துணைத்தலைப்பாகிவிடுகிறது.

நோயுற்ற நாளுக்குச் சம்பளம், ஆளுக்கொரு படுக்கையும் காற்றோட்டமும் உள்ள விடுதி, நிரந்தர வேலை ஆகியவற்றை நிர்வாகம் செலவுக் கணக்கில் எழுதுகிறது. கையிருப்பும் ஓனோவுக்குப் பின் அந்தக் கணக்கில்தான் இருந்தது. 2020க்குப் பிறகு அதைக் காப்புறுதி என்று அழைக்க நிர்வாகிகள் கூச்சப்படவில்லை. இவற்றையும் அவ்வாறு அழைக்க அவர்கள் தயாரா? 'மீளெழும் ஆற்றல்' என்ற சொல்லை நமது எழுத்துக்களிற் பயன்படுத்துவோர், இக்கேள்வியையும் சேர்த்தே எழுதவேண்டும்.