கிடைக்குமா என்ற கணக்கு

பிளஸ் டூ முடிவு வெளியான நாள் தொடங்கி பொறியியல் கலந்தாய்வு முடியும் வரை, தமிழ்நாட்டு வீடுகளில் ஒரே கேள்விதான் ஓடுகிறது: "இந்தக் கட்-ஆஃபுக்குக் கிண்டி பொறியியல் கல்லூரி கிடைக்குமா? குரோம்பேட்டை எம்.ஐ.டி.யாவது கிடைக்குமா?" பக்கத்துத் தெரு அண்ணன், பள்ளி ஆசிரியர், தொலைக்காட்சி ஆலோசகர், கைப்பேசிச் செயலி என்று ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். எல்லோர் கையிலும் இருப்பது போன வருடப் பட்டியல்தான். ஒரு மாணவி எதற்கு ஆசைப்படலாம் என்பதையே இந்தக் கணிப்பு முடிவுசெய்யத் தொடங்கிவிட்டதால், அதன் நிறைகுறைகளை எடைபோட்டாக வேண்டும்.

முதலில் நிறை. 2007இல் நுழைவுத்தேர்வு நீங்கிய பிறகு பொறியியல் சேர்க்கையின் அடிப்படை எளிமையானது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக மொத்தம் 200; இதுதான் கட்-ஆஃப். அதை வைத்துத் தரவரிசை, அதோடு 69 சதவீத இடஒதுக்கீடு. நேர்காணலும் இல்லை, சிபாரிசும் இல்லை. முந்தைய ஆண்டில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த வகுப்பினருக்கு எந்த மதிப்பெண்ணோடு இடம் முடிந்தது என்பதும் பொதுவில் கிடைக்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்டில் விண்ணப்பிப்போரில் நூற்றுக்குச் சுமார் நான்கு பேரே இடம் பெறுகிறார்கள். கட்டுரை, பரிந்துரைக் கடிதம், பள்ளிக்கு வெளியே செய்த வேலைகள் எல்லாம் அங்கே பார்க்கப்படுவதால், முழு மதிப்பெண் பெற்றவருக்கும் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. இங்கோ அரூரில் அரசுப் பள்ளியில் படித்த பெண்ணும் அண்ணா நகரில் படித்த பையனும் ஒரே பட்டியலை வைத்து ஒரே கணக்கைப் போடலாம். இது சின்ன விஷயமல்ல. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் குடும்பத்துக்கு இது பெரிய பிடிமானம்.

குறை தொடங்குவது மதிப்பெண்ணையும் இடத்தையும் நேராக முடிச்சுப்போடும்போது. இடம் தருவது தரவரிசை. 195 என்பது ஒரு வருடம் ஒரு ரேங்க், மறுவருடம் வேறொரு ரேங்க். 2021இல் கொரோனாவால் பிளஸ் டூ தேர்வு ரத்தானது. பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டின் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டுக்கு 30 என்ற விகிதத்தில் மதிப்பெண் போடப்பட்டது. மறுவருடம் தேர்வு திரும்ப வந்தது. 2021 பட்டியலைப் பார்த்து 2022இல் வாய்ப்புச் சொன்னவர் இரண்டு வெவ்வேறு அளவுகோல்களை ஒன்றாக வைத்து அளந்தார். மருத்துவச் சேர்க்கையில் இது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. 2024 நீட் தேர்வின் திருத்திய முடிவில் 17 பேர் 720க்கு 720 பெற்றிருந்தார்கள். 2025இல் வினாத்தாள் கடினமாக இருந்தது. நாட்டில் முதலிடம் பெற்றவரின் மதிப்பெண்ணே 686தான். முந்தைய வருட மதிப்பெண்ணைப் பார்த்து அந்த ஆண்டு மனம் உடைந்த பிள்ளைகள் இல்லாத ஒரு தோல்விக்காக அழுதார்கள்.

ரேங்கை வைத்துப் பார்த்தாலும் இரண்டாவது சிக்கல் காத்திருக்கிறது. 60 இடங்கள் கொண்ட ஒரு பிரிவில் பிற்படுத்தப்பட்டோருக்கான 26.5 சதவீதம் ஏறத்தாழ 16 இடங்கள். அங்கே கடைசி இடம் எங்கே முடிந்தது என்பதற்கு ஓரளவு பொருள் உண்டு. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீதமும் அருந்ததியருக்கான 3 சதவீதமும் சுமார் இரண்டிரண்டு இடங்கள். பழங்குடியினருக்கான 1 சதவீதம் கணக்குப்படி ஓரிடத்துக்கும் குறைவு. இங்கே 'போன வருட கட்-ஆஃப்' என்று சொல்லப்படுவது ஒரேயொரு மாணவரின் மதிப்பெண். அவர் வேறு பிரிவை எடுத்திருந்தால் பட்டியலில் வேறு எண் இருந்திருக்கும். வழிகாட்ட வீட்டில் யாருமில்லாததால் கணிப்பையே அதிகம் நம்பவேண்டிய பிள்ளைகளுக்குத்தான் அது மிகக் குறைவாக உதவுகிறது. இதைச் சொல்லாமல் அவர்களிடம் ஒற்றை எண்ணை நீட்டுவது அநியாயம்.

இதோடு காலமும் மாறுகிறது. செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் பிரிவுகளில் இடங்கள் பெருகியிருக்கின்றன. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத முன்னுரிமை வந்தது. ஐ.ஐ.டி.க்கும் மருத்துவத்துக்கும் போகும் மாணவர்கள் விட்டுச்செல்லும் இடங்கள், அந்தக் கலந்தாய்வுகள் எப்போது நடக்கின்றன என்பதைப் பொறுத்தவை. பழைய பட்டியலில் இவை எதற்கும் குறிப்பு இருக்காது.

இவையெல்லாம் கணிப்பைத் திருத்தினால் தீரக்கூடிய குறைகள். தீராத கேடு வேறொன்று. "கிடைக்காது" என்ற சொல்லைக் கேட்டதும் மாணவர் அந்தக் கல்லூரியை விருப்பப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுகிறார். நம் கலந்தாய்வில் இதற்கு எந்தத் தேவையும் இல்லை. எத்தனை தெரிவுகளை வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். மாணவரின் முறை வரும்போது, அவர் பட்டியலை மேலிருந்து பார்த்து, காலியாக இருக்கும் முதல் தெரிவே ஒதுக்கப்படும். கிண்டியை முதலில் போட்டு அது கிடைக்காமல் போனால், ஏழாவதாகப் போட்ட கல்லூரிக்கான வாய்ப்பு கடுகளவும் குறையாது. எட்டாத இடத்தை எழுதுவதற்குக் கட்டணமும் இல்லை, தண்டனையும் இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பணமும் உழைப்பும் தனித்தனியே செலவாகும். எதை விடுவது என்று முன்கூட்டியே கணிப்பதற்கு அங்கே காரணம் உண்டு. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால், எழுதாமல் விட்ட ஒரு வரியால் ஒரு பிள்ளை தனக்கு வந்திருக்கக்கூடிய இடத்தை இழப்பாள். அந்த இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது, அவளுக்கே தெரியவும் வராது.

பயத்துக்குச் சந்தையும் உண்டு. "கவுன்சலிங்கில் உங்களுக்கு நல்ல காலேஜ் வராது, இப்போதே சீட்டைப் பிடித்துவிடுங்கள்" என்று சொல்லி, தரவரிசை வெளியாகும் முன்பே நிர்வாக ஒதுக்கீட்டுக்கு முன்பணம் வாங்கும் தரகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் கணிப்பின் பெயரில்தான். நகையை அடகு வைத்துக் கட்டும் பெற்றோருக்கு அந்தக் கணிப்பைச் சரிபார்க்க வழி தெரிவதில்லை.

அதனால் கணிப்பே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதற்குரிய வேலை பட்டியலின் அடிப்பகுதியில் இருக்கிறது. தன் ரேங்குக்குக் கட்டாயம் கிடைக்கக்கூடிய, போய்ப் படிக்க மனம் ஒப்பும் கல்லூரிகள் பட்டியலில் போதுமான அளவு இருக்கின்றனவா? அவை இல்லாமல் இருபது பெரிய பெயர்களை மட்டும் எழுதியவர் ஒரு சுற்றில் வெறுங்கையோடு நிற்க நேரும். அந்த ஆபத்தைத் தடுக்கக் கணிப்பு வேண்டும்; அதுவும் மதிப்பெண்ணை விட்டு ரேங்கைக் கொண்டு, ஒரு வருடத்தை விட்டு மூன்று நான்கு வருடங்களைச் சேர்த்து, ஒற்றை எண்ணாக இல்லாமல் 'இதிலிருந்து இதுவரை' என்ற வீச்சாகச் சொல்லப்பட வேண்டும். இடங்கள் மிகக் குறைவான பிரிவினரிடம் "இங்கே உறுதியாகச் சொல்ல முடியாது, எழுதிவையுங்கள்" என்றே சொல்ல வேண்டும்.

பட்டியலின் மேல்பகுதி மாணவருக்கு மட்டுமே உரியது. எந்தப் பாடத்தைப் படிக்க ஆசை, எந்த ஊருக்குப் போக முடியும், எவ்வளவு கட்டணம் கட்ட முடியும் என்பவைதான் அங்கே வரிசையை முடிவுசெய்ய வேண்டும். ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் ஓர் ஆசிரியர் கலந்தாய்வுக்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி இதை விளக்கினால் போதும். பெரும்பாலான குடும்பங்களுக்குக் காசு கொடுத்துக் கேட்கும் ஆலோசனை தேவைப்படாது. இடம் இல்லை என்று சொல்லும் உரிமை கலந்தாய்வுக்கு மட்டுமே உண்டு. அது சொல்வதற்கு முன்னால் நாம் யாரும் ஒரு பிள்ளையிடம் அதைச் சொல்லக் கூடாது.