ஓர் இழை கூடுதல்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கிக்கான ஈயக் குண்டுகளை வீட்டிலேயே வார்ப்பவர்களின் திறமை உருக்குவதில் இல்லை, பொருத்தம் பார்ப்பதில் இருக்கிறது. அலுமினிய அச்சு சட்டென்று சூடேறும். இரும்பு அச்சு மெல்லச் சூடேறினாலும் லேசில் ஆறாது. எதை எடுப்பது என்பதை அவரவர் கைவேகமே முடிவு செய்யும். அச்சில் சூடு போதாவிட்டால் குண்டின் மேனியில் சுருக்கம் விழும். மிஞ்சினால் பனி படர்ந்ததுபோல் மங்கும். பக்குவம் கூடியபின், அச்சைத் திறந்ததும் பளபளவென்று துணிமேல் தொப்பென விழுகிற ஒன்றைப் பார்க்க வேண்டுமே! தவறியவை திரும்ப உலைக்குத்தான், நஷ்டமில்லை. பிறகு விட்டத்தைச் சரிசெய்ய, குண்டை அளவுத் துளைக்குள் தள்ளும்போது நெம்புகோலில் சீரான, மெல்லிய எதிர்ப்பு. .38 ஸ்பெஷல் என்ற தோட்டா வகைக்குக் குண்டின் விட்டம் பெரும்பாலும் .358 அங்குலம், துப்பாக்கிக் குழலின் உட்பள்ள விட்டத்தைவிட ஓர் இழை கூடுதல். ஈயம் கெட்டியாக இருந்தால் போதாதா என்பார்கள். போதாது; குண்டு தளர்வாக இருந்தால் ஓரமாகக் கசியும் சூடான வாயு ஈயத்தைக் குழலில் அப்பிவிடும். கடையில் வாங்கினால் இந்தப் பாடில்லை, ஈயம் நஞ்சும்கூட என்பதெல்லாம் உண்மைதான்; காற்றோட்டமும் கை கழுவுவதும் இந்த வேலையில் பாதி. ஆனால் குழலுக்குக் குழல் உள்ளளவு சற்று மாறும். கடைப் பெட்டியில் இருப்பதோ எல்லாக் குழலுக்கும் பொதுவாகச் செய்தது.