சாட்சிக் கூண்டில் யார் பேசாதிருக்கலாம்?

யாழ்ப்பாணத் தீவகத்தின் அல்லைப்பிட்டிப் பெண் ஒருத்தி தன் சீதனக் காணியை விற்பதென்றால் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அம்பாந்தோட்டைப் பெண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 1806 இல் ஆங்கிலேயர் சட்டமாக ஏற்ற தேசவழமை யாழ்ப்பாணத் தமிழரான எங்களோடு மட்டும் வருகிறது. ஆனால் அந்தக் காணி வழக்காகி ஊர்காவற்றுறை நீதிமன்றம் ஏறினால், சாட்சியம் பற்றிய விதி இலங்கை முழுவதற்கும் ஒன்றுதான்: 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம்.

இந்தச் சட்டத்தின் தாய்வீடு இந்தியா. ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872 ஆம் ஆண்டுச் சட்டத்தையே பிரிவு எண்கள்கூடப் பெரிதும் மாறாமல் இங்கே கொண்டுவந்தார்கள். ஆனாலும் சில இடங்களில் இலங்கை தன் வழியே போயிற்று. இந்தியாவில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவரின் மனைவியை எந்தத் தரப்பும் சாட்சிக்கு அழைக்கலாம். கணவன் சொன்ன இரகசியத்துக்கு மட்டும் காப்புண்டு. இங்கே 120 ஆம் பிரிவின்படி, அவள்மீதே வன்முறை நிகழ்ந்த வழக்குப் போன்றவை நீங்கலாக, எதிரியான கணவன் அழைத்தால்தான் அவள் சாட்சியாகலாம். அப்படி அழைத்துவிட்டால் இருவருக்குமிடையே நடந்த பேச்சுக்கு இருந்த காப்பும் போய்விடும். இந்தியா தன் பழைய சட்டத்தை நீக்கிப் புதியதை 2024 யூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. நாங்கள் இன்னும் 1895 இலேயே நிற்கிறோம்.

126 ஆம் பிரிவு எங்கள் ஊருக்கு நெருக்கமானது. கட்சிக்காரரின் இரகசியத்தைக் காக்க வேண்டியவர்களில் அது சட்டத்தரணியோடு நொத்தாரிசையும் சேர்த்துக்கொள்கிறது. விதவைத் தாய் ஒருத்தி நன்கொடை உறுதி எழுதப் போகிறாள். வீட்டுவளவு இளைய மகளுக்கு. மூத்தவனுக்கு ஏன் இல்லை என்று நொத்தாரிசு கேட்க, அவள் குரலைத் தாழ்த்திக் காரணம் சொல்கிறாள். இரண்டு சாட்சிகள் முன் ஒப்பமிட்ட உறுதி காணிப் பதிவகத்துக்குப் போகும், யாரும் பார்க்கலாம். அந்தக் காரணமோ, சட்டம் சொல்லும் விலக்குகள் தவிர, அவள் சம்மதமின்றி நொத்தாரிசின் வாயிலிருந்து வரக்கூடாது.

அமெரிக்காவில் கதை வேறு. 1975 இல் கூட்டாட்சிச் சான்று விதிகள் வந்தபோது, இப்படிப் பேசாதிருக்கும் சிறப்புரிமைகளுக்கென வரைந்திருந்த ஒன்பது விதிகளையும் காங்கிரஸ் தள்ளிவிட்டு, நீதிமன்றங்களே பொதுச் சட்ட வழியில் தீர்மானிக்கட்டும் என்று 501 ஆம் விதியோடு நிறுத்திக்கொண்டது. மாநிலங்களோ பட்டியல் போட்டே எழுதிவைத்திருக்கின்றன. நியூயோர்க் 1828 இலேயே வைத்தியர்–நோயாளி இரகசியத்துக்குக் காப்புக் கொடுத்தது. கூட்டாட்சி நீதிமன்றத்தில் அந்தக் காப்பு இன்றும் இல்லை. ஆகவே ஒரே நோயாளி வைத்தியரிடம் சொன்ன ஒரே சொல், மாநில நீதிமன்றத்தில் மூடியிருக்கும், கூட்டாட்சிக் குற்ற வழக்கில் திறந்துவிடும். மாநிலச் சட்டத்தின் கீழான சிவில் வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றம் விசாரித்தால் மட்டும் மாநில விதியே செல்லும். உளச்சிகிச்சையாளருக்குக் கூட்டாட்சி உயர் நீதிமன்றம் காப்புக் கொடுத்தது 1996 இல். அதற்குள் 50 மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவில் அதைக் கொடுத்து முடித்திருந்தன.

இலங்கையில் மாநிலமில்லை, இரட்டை விதியும் இல்லை என்று சட்டக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கலாம். வடக்கில் வாழ்ந்தவர் அதை நம்பமாட்டார். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு, பொலிசாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கெதிராக எடுக்கக்கூடாது என்கிறது. 1979 இல் தற்காலிகமாக வந்து 1982 இல் நிரந்தரமான பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகரும் அவருக்கு மேற்பட்டவர்களும் பதிந்த ஒப்புதலை ஏற்கலாம் என்கிறது. அது மிரட்டி வாங்கியதென்று நிரூபிக்கும் பொறுப்பும் எதிரியின் தலையில். இதைவிடப் பெரிய வேறுபாடு எந்த இரண்டு அமெரிக்க மாநிலங்களுக்கிடையிலும் இராது.

எங்கள் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் யாருடைய மௌனத்துக்கு இடமுண்டு என்று பாருங்கள். வெளியிடாத அரச ஆவணத்துக்கு 123 ஆம் பிரிவு. குற்றம் பற்றித் தகவல் தந்தவர் யாரென்று பொலிசார் சொல்லத் தேவையில்லை, அது 125. வைத்தியருக்கு எதுவுமில்லை. குருவானவருக்கும் எதுவுமில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதை வெளியிட்டால் திருச்சபை தண்டிக்கும். வெளியிட மறுத்தால் நீதிமன்றம் தண்டிக்கலாம்.

அல்லைப்பிட்டிப் புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தின் பங்குத்தந்தை ஜிம் பிரவுண் அடிகளார் 2006 ஓகஸ்ட் 20 அன்று, அல்லைப்பிட்டிக் கடற்படைச் சோதனைச்சாவடிப் பகுதியில் காணப்பட்டபின் காணாமற்போனார். ஊர் முழுவதும் அஞ்சி நின்ற அந்த நாட்களில் சனம் மனம்விட்டுப் பேசக்கூடிய சிலரில் பங்குத்தந்தையும் ஒருவர். அப்படிப்பட்ட ஒருவரின் நெஞ்சில் கிடப்பதற்கு, பொலிசுக்குத் தகவல் தந்தவரின் பெயருக்குக் கிடைக்கும் மதிப்பாவது வேண்டாமா?

அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும் மதகுருவுக்கு ஏதோ ஒரு காப்பை எழுதிவைத்திருக்கின்றன. சிறுவர் துஷ்பிரயோகத்தில் சில மாநிலங்கள் அதற்கு விலக்கும் வைத்தன. அந்த விலக்கு நியாயமானதே. விலக்கோடு சேர்த்தே குருவானவருக்கும், ஐயருக்கும், மௌலவிக்கும், பிக்குவுக்கும், வைத்தியருக்கும் பொருந்தும் ஒரு பிரிவை 126 ஆம் பிரிவுக்குப் பின்னால் சேர்க்கப் பாராளுமன்றத்தைக் கேட்கவேண்டும். தீவகத்திலிருந்து போய்ச் சட்டத்தரணிகளானவர்கள் அந்த வரைவை முதலில் எழுதட்டும்.