'துப்புரவாளர்' என்றொரு பாராட்டு

பாறு கழுகைக் காப்பாற்றச் சொல்லும் துண்டறிக்கைகளை வாசிக்கிறபோது ஒரு தொடர் என்னை நெருடிக்கொண்டே இருக்கிறது: 'இயற்கையின் துப்புரவாளர்'. அட, நல்லாத்தானே சொல்றாங்க, இதிலென்ன குற்றம் என்று கேட்கலாம். குற்றம் எழுதியவர்களின் எண்ணத்தில் இல்லை. அந்தச் சொல் நம் சமூகத்தில் ஏற்கெனவே யார்மேல் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது.

முதலில் நடந்த கதை. எங்கள் கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரியைச் சுற்றியுள்ள எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிற சாதாரண வலி மருந்து டைக்ளோஃபினாக். நம் மூட்டுவலிக்கு அது ஒத்துக்கொள்கிறது. அதையே ஊசியாகப் போட்ட மாடு சில நாட்களுக்குள் செத்து, அந்த இறைச்சியைப் பாறு தின்றால் அதன் சிறுநீரகம் செயலிழந்துவிடும். 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகள் 99.9 சதவீதம் குறைந்துபோயின. காரணம் இந்த மருந்துதான் என்று நிறுவப்பட்டது 2004இல். 2006இல் கால்நடைகளுக்குத் தடை வந்தது. உடனே மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுத் தொழுவத்துக்குப் போயின. 2015இல் குப்பியை 3 மி.லி.க்குக் குறுக்கினார்கள். 2023இல் அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென் இரண்டுக்கும் கால்நடைத் தடை.

ஓர் இனமே காலியாகிக்கொண்டிருந்தபோது புலிக்கு விட்ட கண்ணீரில் ஒரு சொட்டுகூட இதற்கு விழவில்லை. சங்கப் பாடல்களில் எருவை, பாறு என்று பெயர்கள் உண்டு. நாம் வைத்த பெயர் 'பிணந்தின்னி'. பெயரே தீர்ப்பு. திருக்கழுக்குன்றத்தில் பூசகர் கையால் பொங்கல் தின்ன வந்த இரண்டும் பாறு இனம்தான், அவை முனிவர்களாயின. கோயில் சோறு தின்றால் புனிதம், செத்த மாடு தின்றால் இழிவு.

இந்தத் தராசு நமக்குப் பழக்கமானதுதான். செத்த மாட்டை அப்புறப்படுத்தும் வேலையைத் தலித்துகள்மேல் சுமத்தி, அதைக் காட்டியே தீண்டாமையை நியாயப்படுத்திய தராசு. செத்த மாட்டிறைச்சியை விட்டொழியுங்கள் என்று அம்பேத்கர் மகாடில் சொன்னது 1927இல். 2016இல் உனாவில் மாட்டுத்தோல் உரித்தவர்களை அடித்தபோது, சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின்முன் செத்த மாடுகளைக் கொண்டுவந்து போட்டார்கள்: இனி நீங்களே தூக்குங்கள். 'துப்புரவாளர்' என்ற பாராட்டுக்கு இதைவிடக் கூர்மையான விமர்சனம் எழுதப்படவில்லை. (மனிதரைப் பறவையோடு ஒப்பிடவில்லை, இரண்டு தரப்பையும் ஒரே சொல்லில் கட்டுகிற நாக்கைத்தான் சொல்கிறேன்.)

பாறுகள் இல்லாமல் போனதால் ஐந்தாண்டுகளில் சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கக்கூடும் என்று 2024இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. முக்கியமான கணக்குதான். ஆனால் 'எங்களுக்குப் பயன்படுகிறாய், ஆகவே வாழலாம்' என்ற உரையாடலை அது தாண்டவில்லை. மாலை போட்டுவிட்டுக் கையுறை கொடுக்காமல் மலக்குழிக்கு அனுப்புகிற மொழியும் இதுவேதான்.

அப்போ என்னதான் செய்வது? மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுகளுக்கு நம் நெகிழ்ச்சி தேவையில்லை. மெலாக்சிகாம் பாறுக்குக் கேடு செய்யாத மருந்து. அதைக் கால்நடை மருந்தகங்களில் தட்டுப்பாடில்லாமல் வைக்கணும். புலி அடித்த மாட்டுக்கு இழப்பீடு உடனே கைக்கு வந்தால், ஆத்திரத்தில் அந்த உடலில் விஷம் வைக்கிறவர்கள் குறைவார்கள். அந்த விஷத்தில் சாவது புலி மட்டுமில்லை. மருந்துக் கடைக்காரரிடம் மாட்டுக்கென்று மனித ஊசி கேட்பவரைத் திட்டுவதற்குமுன், அந்த ஊரில் கால்நடை மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று விசாரியுங்கள்.