அம்பாசிடருக்குப் புது உருவம் தேவையா?

என் மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு வரைபடத்துடன் வந்தார். திண்டுக்கல்லில் அவருடைய தந்தை நெடுங்காலம் வாடகைக்கு ஓட்டிய அம்பாசிடர் கார் இப்போது அவருக்கு வந்திருக்கிறது. 1978இல் பதிவான வண்டி. டிங்கரிங் பட்டறையில் கொடுத்து உருவத்தை மாற்றி, திருமண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடுவது அவர் திட்டம். கூரையை அறுத்தெடுப்பது, உடலை 7 செ.மீ. தாழ்த்துவது, டிக்கியின் மேல் ஓர் இறக்கை பொருத்துவது, பளபளப்பில்லாத கறுப்பு வண்ணம் பூசுவது: இவை நான்கும் படத்தில் இருந்தன. "ரோட்டுல போறவங்க எல்லாரும் திரும்பிப் பார்க்கணும், சார்" என்றார். சேமிப்பு முழுவதையும் இதில் போடப் போகிறார் என்பதால், படத்தைச் சற்றுக் கடுமையாகவே ஆராய வேண்டியதாயிற்று.

முதலில் காரைப் பற்றிச் சில சொற்கள். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, வங்காளத்தின் உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை இது தயாரிக்கப்பட்டது. முகப்பு வலையும் விளக்குகளும் அவ்வப்போது மாறின. உடலின் வடிவம் பெரிதும் மாறவில்லை. உயர்ந்த கூரையால், வேட்டி கட்டிய பெரியவரும் தலையைக் குனியாமல் அமரலாம். ஆக, இதன் அழகே பயன்பாட்டிலிருந்து பிறந்தது எனலாம்.

இனி, இறக்கையைப் பார்ப்போம். ஓடும் கார் தரையில் நன்கு பதிய வேண்டும் என்பதற்காகவே பந்தயக் கார்களில் இறக்கை வைக்கிறார்கள். காற்று தரும் அழுத்த விசை வேகத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இறக்கையின் பரப்பு 0.2 சதுர மீட்டர், அதன் விசைக் கெழு 0.5, காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ என்று கொள்வோம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் கிடைக்கும் விசை ஏறத்தாழ 7.4 நியூட்டன், அதாவது முக்கால் கிலோ எடைதான். ஒரு டன்னுக்கும் மேற்பட்ட காருக்கு இது எம்மாத்திரம்? டிக்கியில் ஒரு பை காய்கறி வைத்தால் இதைவிட நன்றாக அழுத்தும்! மணிக்கு 160 கி.மீ. ஓடினால் விசை 16 மடங்காகும். ஊர்வலத்தில் நடை வேகத்தில் செல்லும் காருக்கு அந்தக் கணக்கு எதற்கு? இறக்கை வெறும் அணிகலன், தீங்கில்லை, பயனுமில்லை.

தாழ்த்துவதில் ஓரளவு நியாயம் உண்டு. ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் வளைவில் கார் சாய்வது குறையும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியவர்கள் இதன் அருமையை அறிவர். ஆனால் நம் தெருக்களின் வேகத்தடைகளை மறக்கலாமா? இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி வேகத்தடை 3.7 மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட மெல்லிய வளைவாக இருக்க வேண்டும். அதன் வளைவு ஆரம் 17 மீட்டர். அம்பாசிடரின் முன்பின் சக்கர இடைவெளி சுமார் 2.46 மீ. இந்த வளைவின் மேல் கார் நிற்கும்போது, இரு அச்சுகளின் நடுவே தரை எழும்பியிருப்பது 4.5 செ.மீ. மட்டுமே. தாழ்த்திய காரும் தப்பிவிடும். ஆனால் தெருவாசிகள் தாமே கட்டும் குறுகிய தடையோ, முழு உயரத்துடன் இரு சக்கரங்களுக்கும் இடையே நிற்கும். இந்தக் காரின் அடிப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 16 செ.மீ.; 7 போனால் மீதி 9. தடை 10 செ.மீ. என்றால் சைலன்சரின் கதி என்ன?

கறுப்பு வண்ணத்துக்கு நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. வெள்ளைப் பூச்சு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். கறுப்பு பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். சித்திரை மாதத்தில் மணமக்கள் உள்ளே அமரப் போகிறார்கள் என்பதை நினைவில் கொண்டால் போதும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு கூரையை அறுப்பதே. லாரிக்கு உள்ளது போன்ற தனி அடிச்சட்டம் அம்பாசிடருக்குக் கிடையாது. தளம், தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்தே சுமையைத் தாங்குகின்றன. வாசகர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அட்டையாலான செருப்புப் பெட்டி ஒன்றின் மூடியைச் சுற்றிலும் பசை நாடாவால் ஒட்டி, இரு முனைகளையும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். எளிதில் வளையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள், துவண்டுவிடும். கூரையை இழந்த காரும் அவ்வாறே. மேடுபள்ளத்தில் கதவுகள் சரியாகப் பொருந்தா. பற்றவைத்த இடங்களில் விரிசல் காணும். கவிழ்ந்தால் பயணிகளின் தலைக்குக் காவலே இல்லை. கூரையில்லாமலே வடிவமைக்கப்படும் கார்களில் தளத்தைத் தனியே வலுப்படுத்துகிறார்கள்; அதற்குக் கணக்கீடும் சோதனையும் வேண்டும்.

சட்டமும் இயற்பியலின் பக்கமே நிற்கிறது. தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மேலும், 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிய 2021இல் விதிகள் வந்தன. உடற்கூடு மாற்றப்படாதிருப்பது அதற்கு ஒரு நிபந்தனை. வாடகைத் தொழிலுக்கு அந்தப் பதிவு உதவாது. ஆயினும் 2028இல் தந்தையின் காருக்குக் கிடைக்கக்கூடிய ஒரு மதிப்பை இன்று ஒரு ரம்பம் அழித்துவிடும்.

அப்படியானால் அழகே வேண்டாமா? வேண்டும். துருவை நீக்கி, பழைய வெள்ளை வண்ணத்தைப் பளிச்சென்று பூசலாம். குரோமியம் பூசிய பம்பர்களை மெருகேற்றலாம். இருக்கைகளுக்குப் புது உறை தைக்கலாம். பிரேக்கைச் செம்மை செய்து, பெல்ட்டுகளும் பொருத்தினால் அது உயிர் காக்கும் அழகு.

நம் ஊர் மாங்காய்ப் பூட்டு பார்வைக்கு அழகானது. ஆயினும் வாங்க வருபவர், "எத்தனை லீவர்?" என்றுதான் முதலில் கேட்பார். பூட்டாத பூட்டின் அழகை யார் விலை கொடுத்து வாங்குவார்? மாணவர் வரைபடத்தை மடித்து எடுத்துப் போனார். மறுநாள் அவர் கொண்டுவந்தது ஒரு செருப்புப் பெட்டி. "மூடி இருக்கட்டும், சார்" என்றார்.