ஓவியம் படிக்க எந்தக் கல்லூரி?

பிளஸ் டூ முடித்துவிட்டு ஓவியம் படிக்க நினைக்கும் தமிழ்நாட்டு மாணவருக்கு அரசுக் கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கின்றன. மரபு ஓவியம், சிற்பம் என்றால் மாமல்லபுரம். மதிப்பெண் மட்டும் போதாது, செய்முறைத் தேர்வில் உட்கார்ந்து வரைந்து காட்ட வேண்டும். அந்தத் தேர்வுக்குப் பள்ளி அவரைத் தயார்செய்வதில்லை. வாரத்துக்கு ஒன்றாக வரும் ஓவியப் பீரியடையும் பல பள்ளிகளில் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார்.

இலங்கையில் சித்திரம் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பரீட்சைப் பாடம். உயர்தரத்தில் அதை எடுத்த பிள்ளை சிகிரியாவையும் அஜந்தாவையும் ஐரோப்பிய மறுமலர்ச்சியையும் படித்துவிட்டே வருகிறது. ஆனால் கல்லூரியைத் தேரும் உரிமை அதற்குக் குறைவு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பம், உளச்சார்புப் பரீட்சை, பிறகு உயர்தர மதிப்பெண்ணிலிருந்து கணக்கிடும் இசட் புள்ளி. தமிழில் படிக்க மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவு அல்லது மட்டக்களப்பு கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். கொழும்பின் கட்புல, ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் பெரும்பாலும் சிங்களத்தில்.

தமிழ்நாட்டு மாணவருக்குக் கலை வரலாறு தெரியாது, ஈழத்து மாணவருக்கு மூலப் படைப்புகளை நேரில் பார்க்கும் வாய்ப்பு குறைவு. கல்லூரியைத் தேரும்போது தன்னிடம் இல்லாததைத் தரும் இடம் எது என்றுதான் கேட்க வேண்டும். 'பெயர்பெற்ற கல்லூரி' என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையைச் சேர்த்துவிடும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சென்னைக் கல்லூரியை 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கினார். மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்திய முதல்வர். அவருக்குப்பின் வந்த கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களோடு 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார். சென்னைக் கல்லூரியில் படித்த கே.எம். ஆதிமூலமும் டிராட்ஸ்கி மருதுவும் நம் இதழ்களின் பக்கங்களுக்குள்ளேயே கோட்டோவியத்தைக் கொண்டுவந்தார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் சோழர் செப்புத்திருமேனிகளைச் சென்னையில் படிக்கும் மாணவர் நினைத்தபோது போய் வரையலாம். கும்பகோணத்தில் படிப்பவருக்குச் சுவாமிமலையின் வார்ப்புப் பட்டறைகள் பக்கம். இவை பாடத்திட்டத்தில் எழுதப்படாத வகுப்புகள். நான் இவற்றுக்கே அதிக மதிப்புக் கொடுப்பேன்.

யாழ்ப்பாணத்தில் இப்படிப்பட்ட அருங்காட்சியகத்தின், பட்டறையின் இடத்தை மனிதர்கள் நிரப்பினார்கள். கொழும்பில் படித்துத் திரும்பிய ஓவியர் அ. மாற்கு, பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தார். போர்க்கால இடப்பெயர்வில் அவருடைய படைப்புகள் பல அழிந்துபோயின. தா. சனாதனன் தில்லியில் ஓவியம் படித்து யாழ்ப்பாணம் திரும்பிக் கலை வரலாறு கற்பிக்கிறார். அங்கே சேரும் பிள்ளை, எந்த ஆசிரியர் இன்னும் தானே வரைந்துகொண்டிருக்கிறார் என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

இரு நாட்டிலும் விண்ணப்பிக்கும் முன் வகுப்பு நடக்கும் நாளில் கல்லூரிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவரிடம் அவர் ஸ்கெட்ச் புத்தகத்தைக் கேளுங்கள். உயிருள்ள மாடலை வைத்து வரைகிறார்களா, அச்சு இயந்திரத்தில் மை ஈரமாக இருக்கிறதா, மாலையில் வகுப்பறை திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பரோடாவிலோ சாந்திநிகேதனிலோ முதுகலை படிக்கும் எண்ணம் இருந்தால், படைப்புகளின் தொகுப்பு முக்கியம். இலங்கை மாணவருக்கு இந்தியக் கலாசார உறவுகள் கவுன்சிலின் உதவித்தொகையும் உண்டு. முதல் ஆண்டில் வரைந்த தாள்களைக்கூட எறியாமல், பின்புறத்தில் தேதியிட்டுப் பத்திரப்படுத்தி வாருங்கள்.